ஸ்பெல்லிங் பேப்பர்ல மார்க்கை விடுங்க, தப்பைப் பாருங்க

சிங்கப்பூர்ல பிரைமரி ஸ்கூல் பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் இது பழகின கதைதான். வாரா வாரம் தமிழ் ஸ்பெல்லிங் லிஸ்ட் வரும், டெஸ்டுக்கு முந்தின ராத்திரி அம்மாவும் பிள்ளையும் உக்காந்து மனப்பாடம் பண்ணுவாங்க, 10க்கு 10 வாங்கும், அடுத்த வாரமே அதே சொல்லைக் கட்டுரையில தப்பா எழுதும். தமிழ் டீச்சரா எனக்கு இதுல பெரிய ஆதங்கம். அந்த 10 மார்க் பிள்ளையோட ஞாபகசக்தியைத்தான் சொல்லுது, அதுக்கு என்ன சொல்லிக்கொடுக்கணும்னு ஒண்ணுமே சொல்லல.

அதனால டேர்ம் ஆரம்பத்துல, படிச்சிட்டு வராத சொல்லா ஒரு பதினஞ்சு எடுத்து, ஈஸியானதுல ஆரம்பிச்சு கஷ்டமானது வரைக்கும் சொல்வதெழுதுதல் வைப்பேன். மார்க் கிடையாதுன்னு முன்னாடியே சொல்லிடுவேன். ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாக்கியத்தோட சொல்லணும், "மழை, நேற்று மழை பெய்தது, மழை"ன்னு. வெறும் சொல்லை மட்டும் சொன்னா மலைன்னு எழுதின பிள்ளையைத் தப்பு சொல்ல முடியாது.

இப்ப ரெண்டு பேப்பரைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு பொண்ணு பரவை, மலை, பல்லின்னு எழுதியிருக்கு (கேட்டது பறவை, மழை, பள்ளி). ஒரு பையன் பாட்டுக்கு பாடு, பக்கத்துக்கு பகம், வண்டிக்கு வன்டி. மார்க் போட்டா ரெண்டும் ஒண்ணுதான், ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே பாடம் நடத்தினா ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்ல.

அந்தப் பொண்ணுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. தனியா வர்ற ரவும் றவும் இன்னிக்கு நம்மள்ல பலர் வாயில ஒரே சத்தம்தான், அதனால பறவை பறவைன்னு சத்தமா பத்து தடவை சொன்னாலும் அதுக்கு ஒண்ணும் விளங்காது. சொல்லோட குடும்பத்தைக் காட்டணும்: பற, பறந்தது, பறக்கும், பறவை. அறிவு, அறிவாளி, அறிமுகம். ர ரெட்டிக்காது, ற ரெட்டிக்கும்னு ஒரு தடவை பிள்ளைங்களே கண்டுபிடிச்சிட்டா வெற்றி, காற்று எல்லாம் அதுக்கப்புறம் தானா சரியா வரும்.

பையனுக்கு வேணுங்கிறது காதுப் பயிற்சி. படம், பட்டம், குடை, குட்டை, ஓடு, ஓட்டுன்னு அட்டையில எழுதிக் கொடுத்து, வாய்விட்டுப் படிச்சு ரெண்டு வரிசையா பிரிக்கச் சொல்லுவேன். வன்டி வேற வகை, அதுக்கு வண்டி, நண்டு, பந்து, சந்தை, கன்று, மூன்றுன்னு அட்டைகளைக் கலந்து கொடுத்தா போதும், டக்கு முன்னாடி ண், தக்கு முன்னாடி ந், றக்கு முன்னாடி ன் அப்படின்னு அவங்களே சொல்லிடுவாங்க. நம்ம சொல்லிக்கொடுக்கிற ரூலை விட இது மனசுல நிக்குது.

இங்கிலீஷ்ல இப்படித் தப்பை வச்சுப் பாடம் நடத்துறது ரொம்ப காலமா நடக்குது. இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்காத குழந்தைங்க எழுதுற தப்புலகூட சத்தத்தைப் பத்தின ஒரு ஒழுங்கு இருக்குன்னு 1971லேயே சார்ல்ஸ் ரீட்னு ஒரு மொழியியல் ஆய்வாளர் காட்டினாரு, அப்புறம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல எட்மண்ட் ஹெண்டர்சன் ஸ்பெல்லிங் படிப்படியா எப்படி வளருதுன்னு ஆராய்ஞ்சாரு. ஆனா அந்தப் படிகளை அப்படியே தமிழுக்கு மாட்டக்கூடாது, நம்ம பிள்ளைங்க தடுமாறுற இடம் வேற.

ஒரே பேப்பர்ல ஒரு விஷயத்தை ஒரு இடத்துல சரியாவும் இன்னொரு இடத்துல தப்பாவும் எழுதுதா, அங்கதான் பாடத்தை ஆரம்பிக்கணும். கொ, கோ இன்னும் பிடிபடாத பிள்ளைக்கிட்ட ல ள ழ வேறுபாட்டைக் கொண்டுபோறது பாவம். கட்டுரையில படிச்சான், சிரிச்சான்னு எழுதுற பிள்ளையையும் ஸ்பெல்லிங் தப்புன்னு சிவப்புல சுழிக்காதீங்க ப்ளீஸ், வீட்டுல தமிழ் பேசுற பிள்ளை அது! படிச்சான் படித்தான், சிரிச்சான் சிரித்தான்னு ஜோடி போட்டுக் காட்டினா சட்டுன்னு பிடிச்சுக்கும்.

தப்போட வகையைப் பார்த்து பிள்ளைங்களை குரூப் பிரிச்சு வாரத்துக்கு ரெண்டு தடவை பத்து பதினஞ்சு நிமிஷம் போதும், நேரம் இல்லைன்னு சொல்ற டீச்சர்ஸுக்காகச் சொல்றேன். 2019லேர்ந்து பிரைமரி 1, 2க்கு மார்க் கணக்குல சேர்ற தேர்வே கிடையாது, இதைத் தொடங்க அந்த ரெண்டு வருஷம்தான் நல்ல நேரம். டேர்ம் முடியும்போது அதே சொற்களை மறுபடி கொடுத்து, குரூப்பை மாத்துங்க.

பெற்றோர் செய்யவேண்டியது ரெண்டே ரெண்டு. இந்த மாதிரி டெஸ்டுக்குப் பிள்ளையைத் தயார் பண்ணி அனுப்பாதீங்க, தயார் பண்ணினா எனக்கு ஒண்ணும் தெரியாது. டீச்சரைப் பார்க்கும்போது எத்தனை மார்க்னு கேக்காம, எந்த வகைத் தப்பு அதிகமா வருதுன்னு கேளுங்க.