சம்பளம் மாறினால் எழுத்தில் வாங்குங்கள்: கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையோ, இளம்பிள்ளைத் தறியோ, ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டோ, சம்பளம் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் வாய்ப்பேச்சோடு முடிந்துவிடுகிறது. "அடுத்த மாசத்துல இருந்து ரெண்டாயிரம் சேத்துத் தர்றேன்" என்பார் முதலாளி. அது அடிப்படைச் சம்பளத்தில் சேருமா, படியா, இந்த வருஷத்துக்கு மட்டுமான ஊக்கத்தொகையா என்று அப்போது யாரும் கேட்பதில்லை. வேலையை விட்டு நிற்கும்போது கிராஜுவிட்டி (பணிக்கொடை) கணக்கில் அந்தக் கேள்வி வரும்.

கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை (பெரும்பாலும் அடிப்படையும் பஞ்சப்படியும்) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷங்களால் பெருக்குவதுதான் கிராஜுவிட்டி. 12 வருஷம் வேலை பார்த்தவருக்கு ஊதியம் 12,000 என்றால் சுமார் 83,077 ரூபாய். 14,000 என்றால் சுமார் 96,923. அந்த இரண்டாயிரம் எந்தத் தலைப்பில் வந்தது என்பதற்கு எழுத்து இல்லாமல் போனால் கிட்டத்தட்ட 13,850 ரூபாய் வழக்காகிவிடும்.

குறைப்பதற்கு 21 நாள் அறிவிப்பு

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் தொழிலுறவுத் தொகுப்பின் 40ஆம் பிரிவுப்படி, தொழிலாளியின் கூலி, கூலி தரும் கால இடைவெளி, தரும் முறை, படிகள், வேலை நேரம் போன்றவற்றை மாற்ற நினைக்கும் முதலாளி முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். தந்து 21 நாள் ஆகும் முன் மாற்றத்தை நடைமுறைப்படுத்தக் கூடாது. 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவிலும் இதே 21 நாள்தான் இருந்தது. தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படியோ தீர்ப்பின்படியோ வரும் மாற்றத்துக்குத் தனி அறிவிப்பு வேண்டாம்.

இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் கிடையாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். நான்கில் இன்னொன்றான ஊதியத் தொகுப்பின் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு.

21 நாள் கழிந்தாலே மாற்றம் நியாயமாகிவிடாது. தொழிலாளர்கள் மறுப்பை எழுதிக் கொடுத்து, தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் தகராறு எழுப்பலாம். சமரசம் நடக்கும் காலத்தில் அந்த விஷயத்தில் சேவை நிபந்தனையை மாற்ற முதலாளிக்கு உரிமை இல்லை. ஒரு விஷயத்தில் கையெழுத்தும் உதவாது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கிக்கொள்கிறேன் என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

"சம்பளம் உயர்த்தப்படுகிறது" என்ற ஒற்றை வரியால் பயனில்லை. பழைய தொகை, புதிய தொகை இரண்டும் அடிப்படை, பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்து வர வேண்டும். எந்தத் தேதி முதல் என்பது இருக்க வேண்டும். நிலுவை உண்டென்றால் எந்த மாதச் சம்பளத்தோடு வரும் என்பதும். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் எவ்வளவு மாறும் என்பதையும் எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு ஈ.எஸ்.ஐ. நல்ல உதாரணம். அதில் சேர்வதற்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். ஜூனில் சம்பளம் 22,000 ஆனாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. ஜூலையிலேயே பிடித்தத்தை நிறுத்திவிட்டால் அது தவறு.

சம்பளத்தைப் பிரித்துக் காட்டுவதில் இப்போது புதுச் சிக்கலும் உண்டு. ஊதியக் கணக்கில் சேராமல் விலக்குப் பெற்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கணக்கிடப்படும். மொத்தம் 28,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000, மற்ற படிகள் 16,000 என்று வையுங்கள். பாதியான 14,000ஐத் தாண்டிய 2,000 ஊதியத்தில் சேர்ந்து, ஊதியம் 14,000 ஆகும். 12 சதவீத பி.எஃப். 1,440லிருந்து 1,680 ஆகும். கையில் வருவது 240 குறைந்ததும் 'சம்பளத்தை வெட்டிட்டாங்க' என்ற பேச்சு கிளம்பும். உண்மையில் அது பி.எஃப். கணக்கில் ஏறியிருக்கிறது. கடிதத்தில் ஒரு வரி விளக்கம் போடாத கணக்காளர்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்கள் மாதத் தொகையைப் பார்த்துப் பயனில்லை. எந்த டிசைன் கொலுசுக்கு, கிலோவுக்கு எவ்வளவு. எந்த ரகச் சேலைக்கு எவ்வளவு. காபிப் பழம் பறிப்பில் அடிப்படை அளவு எத்தனை கிலோ, அதற்கு மேல் கிலோவுக்கு எவ்வளவு. கூலியைத் தொடாமல் அடிப்படை அளவை மட்டும் ஏற்றிவிட்டாலும் அது கூலிக் குறைப்புதான்.

முன்பணம் பிடிப்பதையும் எழுத்தில் வையுங்கள்: பாக்கி எவ்வளவு, மாதம் எவ்வளவு. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

கையெழுத்துப் போடும்போது

இரண்டு பிரதி, ஒன்று உங்களிடம். மாற்றம் பிடிக்கவில்லை என்றால் "பெற்றுக்கொண்டேன், சம்மதம் இல்லை" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். வெறும் கையெழுத்து பிறகு சம்மதமாகக் காட்டப்படும். வெற்றுத் தாளிலோ தொகை நிரப்பாத வவுச்சரிலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த தகவலும் சான்றுதான். ஆனால் செய்தியை அழிக்காமல் அந்தப் போனையும் வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நீதிமன்றத்தில் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும்.

குறைத்துக் கொடுத்தால் ஊதியத் தொகுப்பின்படி மூன்று வருஷத்துக்குள் கோரிக்கை மனு போடலாம். தொழிற்சங்கமும் உங்களுக்காகப் போடலாம். பாக்கித் தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. ஆனால் பேசிய தொகை எவ்வளவு என்பதைக் காட்ட மனுவோடு நியமனக் கடிதம், மாற்றக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிப் பாஸ்புக் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டியது நீங்கள்தான்.