ஊசியில் நரம்பு முளைக்காது

"இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்கு டாக்டர், போட்டுடலாமா?" என்று போன வாரம் ஒரு தந்தை கேட்டார். மகனுக்குத் தண்டுவடம் அடிபட்டு இரண்டு வருடம். ஏற்கெனவே மூன்று ஸ்டெம் செல் ஊசி போட்டாகிவிட்டது. கால் அசையவில்லை. அசையும் என்று சொன்னவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. இந்த மாதிரி ஃபைல்களைப் புரட்டிப் புரட்டி எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களை உருவாக்கக்கூடிய மூலச்செல். அதை எங்கே போட்டாலும் அந்த இடத்துக்கு வேண்டியதாக மாறிக்கொள்ளும் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். மாறாது. வேப்பங்கொட்டையை மாந்தோப்பில் போட்டால் மாவா முளைக்கும்?

கருவில் மூன்றாவது வாரத்திலேயே செல்கள் மூன்று அடுக்குகளாகப் பிரிந்துவிடும். அது பள்ளிப் பாடம், விடுங்கள். வெளி அடுக்கின் நடுப்பகுதி மடிந்து, குழலாகி, ஏறக்குறைய 28ஆம் நாளில் மூடிக்கொள்கிறது. அதுதான் பிறகு மூளையும் தண்டுவடமும். அடியில் கிடக்கும் முதுகுநாண் (கருவின் நீளவாக்கில் ஓடும் ஒரு தண்டு) ஒரு புரதத்தைச் சுரக்கிறது. பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக் (வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரேதான், சிரிக்காதீர்கள்). அது அடர்த்தியாகப் படும் பக்கத்தில் தசையை இயக்கும் நரம்பு செல்கள் உருவாகும். விலக விலக வேறு வகைகள். மரபணுக்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். எது விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பது செல் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. அப்புறம் கருவில் அந்த நரம்பு இழை தசையைத் தேடிப் போகும் தூரம் சில மில்லிமீட்டர். வளர்ந்தவருக்கோ இடுப்பிலிருந்து கால்விரல் வரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர்!

ஒருமுறை தடம் பிடித்த செல் அதை எளிதில் விடாது. தண்டுவடம் அடிபட்ட ஓர் இளம்பெண்ணுக்கு மூக்கின் உட்சவ்வுச் செல்களை முதுகில் வைத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து முதுகுவலி. திறந்து பார்த்தால் கட்டி, அதற்குள் சளி. 2014இல் மருத்துவ இதழிலேயே வந்தது.

2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு சுண்டெலியின் தோல் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, கருவின் ஸ்டெம் செல் போல ஆக்கியது உண்மை. ஆனால் அப்படித் திருப்பிய செல்லை நரம்பு செல்லாக்க, கருவில் வரும் சமிக்ஞைகளை ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வரிசையாக ஊட்ட வேண்டும். எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் ரத்தப் புற்றுநோய்க்குப் பலிக்கிறது, சரி. அது ரத்தம் செய்யவே பிறந்த செல்!

எந்தச் செல், எங்கிருந்து எடுத்தது, என்னவாக மாறும்? எழுத்தில் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் பதிவு எண் கேளுங்கள். மூட்டுவலிக்கும் ஆட்டிசத்துக்கும் அதே ஊசிதான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தயவுசெய்து பிசியோதெரபியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அந்தத் தந்தையிடம் சொன்னேன்: "நாலாவது ஊசி வேண்டாம் ஐயா. பையன் குதிகாலில் படுக்கைப்புண் ஆரம்பிச்சிருக்கு, முதலில் அதைப் பார்ப்போம்."