நூறில் இரண்டு எங்கே போகிறது?

கார்டை இயந்திரத்தின் அருகே காட்டுகிறோம். 'பீப்' என்று ஓர் ஒலி, ரசீது நீள்கிறது. பணம் கைமாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நொடியில் ஒரு காசுகூட இடம்பெயர்ந்திருக்காது. போய் வந்தது ஒரு கேள்வியும் அதற்கான பதிலும் மட்டுமே.

கடையின் இயந்திரம் கேள்வியைக் கடைக்காரரின் வங்கிக்கு அனுப்புகிறது. கார்டு எண் 4-இல் தொடங்கினால் அது, வங்கிகளை இணைக்கும் விசா என்ற கார்டு வலையமைப்புக்குப் போகும். அடுத்துவரும் இலக்கங்களை வைத்து, எந்த வங்கி கொடுத்த கார்டு என்று விசா கண்டுகொள்கிறது. அந்த வங்கி கணக்கைப் பார்த்துவிட்டு, 'சரி, தருகிறேன்' என்கிறது. அந்த வாக்குறுதிதான் 'பீப்'. பணம் பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் கடைக்காரருக்கு வந்து சேரும்.

வரும்போது குறைந்தும் வரும். விலை 100 பங்கு என்றால், வாங்கியவரின் வங்கி தனக்கு உரியதை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புகிறது. இதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். பிறகு விசா போன்ற வலையமைப்புக்குக் கொஞ்சம், கடைக்காரரின் வங்கிக்குக் கொஞ்சம். கிரெடிட் கார்டு என்றால் எல்லாம் சேர்ந்து இரண்டு பங்கையொட்டிப் போவது சாதாரணம். அதில் பெரிய துண்டு பொதுவாக இன்டர்சேஞ்ச்தான்.

விசித்திரம் இங்கேதான். கட்டணத்தை நிர்ணயிப்பது வலையமைப்பு, பெறுவது வாடிக்கையாளரின் வங்கி, கொடுப்பது கடைக்காரர். எங்கள் கார்டையே வழங்குங்கள் என்று வங்கிகளை வளைத்துப்போட விசாவும் மாஸ்டர்கார்டும் போட்டி போடுகின்றன. அதிக இன்டர்சேஞ்ச் தருவதுதான் அதற்கான தூண்டில். போட்டி வந்தால் விலை இறங்கும் என்பார்கள். இந்தச் சந்தையில் அது ஏறுகிறது. வங்கி அதில் ஒரு பகுதியைப் பரிசுப் புள்ளிகளாக நமக்கே தருகிறது. கடைக்காரரோ செலவைப் பொருளின் விலையில் ஏற்றிவிடுகிறார். ரொக்கமாகக் கொடுப்பவரும் அதே விலையைத்தான் கொடுக்கிறார் என்பதால், அடுத்தவரின் புள்ளிகளுக்கு அவரும் காசு கட்டுகிறார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இன்டர்சேஞ்சுக்கு உச்சவரம்பு வைத்தது: டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். அமெரிக்கா 2011-இல் பெரிய வங்கிகளின் டெபிட் கார்டுகளுக்கு 21 சென்ட்டும் விலையில் 0.05 சதவீதமும் என்று வரம்பு கட்டியது. வலையமைப்புகள் என்ன செய்தன தெரியுமா? அதுவரை சிறு தொகை விற்பனைக்குக் கொடுத்துவந்த சலுகைக் கட்டணத்தை நீக்கிவிட்டு, அங்கும் உச்சவரம்பையே வசூலித்தன. சிறு தொகைக்கு விற்கிறவர்களுக்கு, அவர்களைக் காக்க வந்த சட்டமே செலவைக் கூட்டிவிட்டது. நிலையான தொகை எப்போதும் சின்னக் கொள்முதலைத்தான் கடிக்கும். பெரிய பில்லில் 21 சென்ட் கண்ணிலேயே படாது.

மாற்று வழி, கணக்கிலிருந்து கணக்குக்கு நேரே அனுப்புவது. இந்தியாவின் யுபிஐ 2016-இலும் பிரேசிலின் பிக்ஸ் 2020-இலும் வந்தன. கார்டில், நாம் கொடுக்கும் எண்ணை வைத்துக் கடை நம் கணக்கிலிருந்து இழுக்கிறது. இவற்றில் நாமே தள்ளுகிறோம். ரகசிய எண் நம் போனைத் தாண்டிக் கடைக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் இயந்திரம் இருந்த இடத்தில் ஒரு காகிதமும் அதில் அச்சிட்ட கியூஆர் கோடும் போதுமாகிவிட்டன.

இலவசம் என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் 2020 ஜனவரி முதல், வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே செலுத்தினால் வணிகர் கட்டணம் இல்லை. சர்வர்களும் மோசடித் தடுப்பும் சும்மா நடப்பதில்லை. அந்தச் செலவை வங்கிகள் சுமக்கின்றன, அரசு ஊக்கத்தொகை கொடுத்து ஓரளவு ஈடுகட்டுகிறது. பிரேசிலில் தனிநபர் பணம் அனுப்பக் கட்டணம் இல்லை. வணிகரிடம் வங்கி வசூலிக்கலாம்.

தள்ளிய பணத்தைத் திரும்பப் பெறுவதும் கடினம். கார்டில், பொருள் வந்து சேரவில்லை என்று வங்கியிடம் முறையிட்டால், கடைக்குப் போன தொகையைத் திருப்பி எடுக்க விதிமுறை உண்டு. ஆகவே கையோடு வாங்கிப் போகும் பொருளுக்கு நான் நேரடிப் பரிமாற்றத்தையே பயன்படுத்துகிறேன். அடுத்த மாதப் பயணத்துக்கு அறை பதிவு செய்யும்போது மட்டும் கார்டை வெளியே எடுக்கிறேன்.