எக்ஸ்ரே நார்மல் என்று தோளைக் கட்டிப் போடாதீர்கள்

போன வாரமும் ஒருவர் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். மார்த்தாண்டத்துக்குக் கிழக்கே ரப்பர் விளையில் பால்வெட்டுக்குப் போகிறவர். மழை ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. அதன்பின் இரண்டு மாதம் கையை ஸ்லிங்கிலேயே, அதாவது கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் பட்டையிலேயே, போட்டுவிட்டார். இப்போது சட்டைக்குள் கை நுழையவில்லை, மனைவிதான் மாட்டிவிடுகிறார். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு சொன்னாவ சார், வலி போனப்புறம் அசைக்கலாம்னு இருந்தேன்" என்கிறார். எத்தனை பேரிடம் இதையே கேட்பது?

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைக் காட்டாது. தோள்மூட்டில் பந்து பெரிது, குழி சிறிது. அந்தப் பந்தை இடத்தில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள நான்கு தசைகளின் நாண்கள். நாற்பது வயதுக்கு மேல் விழுந்தால் எலும்பு தப்பித்து நாண் கிழிவது சகஜம். அதைப் பார்க்க அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். எக்ஸ்ரே நார்மல் என்றால் எலும்பு உடையவில்லை, அவ்வளவுதான். தோளில் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

நான் முதலில் கையைத் தானாகத் தூக்கச் சொல்வேன். அப்புறம் நானே தூக்கிப் பார்ப்பேன். தானாக வராமல், நான் தூக்கினால் மேலே போகிறதென்றால் நாண் கிழிந்திருக்கலாம். உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். மாதக்கணக்கில் விட்டால் நாண் சுருங்கிவிடும், தைப்பது கஷ்டம். நான் தூக்கினாலும் பாதியில் நிற்கிறதென்றால் பெரும்பாலும் மூட்டின் உறை இறுகியிருக்கும். ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறோமே, அதுதான். குணமாக ஒரு வருடம் ஆகும், சிலருக்கு மூன்று வருடம்கூட இழுக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. அவர்கள் கையைச் சும்மா வைத்திருக்கவே கூடாது.

முறிவு, மூட்டு விலகல், நாண் கிழிசல் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா? ஸ்லிங்கைக் கழற்றுங்கள். நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுங்கள். சில நாளில், சுவரில் விரல்களால் நடந்து மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். லேசான வலி இருக்கத்தான் செய்யும். ராத்திரி வரைக்கும் வலி நீடித்தால் மறுநாள் குறைத்துச் செய்யுங்கள், நிறுத்தாதீர்கள். படுக்கும்போது அந்தக் கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள்.

வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவுவதை நான் குறை சொல்லவில்லை, இதமாகத்தான் இருக்கும். ஆனால் அடிபட்ட தோளைப் பிடித்து இழுக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். கை மரத்துப்போனாலோ, தோளின் வடிவம் மாறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெண்களிடம் ஒரு வேண்டுகோள். முதுகுப்பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறீர்கள். கூச்சம் வேண்டாம் அக்கா. திருவனந்தபுரத்தில் மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டையும் படத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே வந்துவிடுங்கள்.