யாரோ ஊர்க் காற்றுக்கு எழுதிய மேப்

கத்திரி வெயிலில் ஒரு நாள், வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி தன் டர்போ காரை என் டியூனிங் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். “அண்ணா, லேசாக நீலப் புகை வருகிறது. மற்றபடி வண்டி நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி மேசையில் வரிசையாக வைத்தேன். மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில் பொடித்த மிளகைத் தூவியதுபோலப் புள்ளிகள். டார்ச் அடித்தால் இடையிடையே வெள்ளியாக மின்னின. கரி மின்னாது. அது பிஸ்டனின் அலுமினியம். கம்ப்ரெஷன் மீட்டரில் மற்ற மூன்று சிலிண்டர்களும் 170 காட்ட, இது 60-ஐத் தாண்டவில்லை. பிரித்தபோது முதல் ரிங்குக்கும் இரண்டாம் ரிங்குக்கும் நடுவிலுள்ள பிஸ்டன் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

காரணம், வாகன நிறுத்துமிடத்தில் வைத்து, யாரோ ஒருவர் லேப்டாப்பிலிருந்து இருபதே நிமிடத்தில் ஏற்றிக்கொடுத்த மேப்: எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று இன்ஜின் கணினிக்குச் சொல்லும் அட்டவணை. ஐரோப்பாவின் 98 ஆக்டேன் (தானாக வெடிப்பதைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோலுக்கும் அந்த ஊர்க் குளிருக்கும் எழுதப்பட்டது. நம் பெட்ரோல் பங்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த 95 ஆக்டேன். மே மாத நெரிசலில் நின்ற வண்டியில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கடந்துவந்த காற்றே 60 டிகிரி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் கலவை. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். எனவே நம் 20 சதவீதக் கலப்புக்கு ஏறக்குறைய 13.5. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: டாஷ்போர்டில் ஒட்டிய மீட்டர், லேம்டாவை (முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற விகிதம்; சரியாக இருந்தால் 1, பெட்ரோல் மிகுந்தால் அதற்குக் கீழே) 14.7-ஆல் பெருக்கிக் காட்டுவதோடு சரி. டேங்கில் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. நான் லேம்டாவை மட்டுமே பார்ப்பேன். டர்போ வண்டி முழு ஆக்ஸிலரேட்டரில் 0.80-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. கூடுதல் பெட்ரோல் எரிவதற்காக மட்டுமல்ல, ஆவியாகும்போது எரியும் அறையைக் குளிர்விக்கவும்தான். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்தே கிடந்தால் அதோடு நிறுத்திவிடுவேன்.

கலவை படிந்த பிறகே இக்னிஷன், அதாவது பொறி விடும் நேரம் (டைமிங்). அம்பாசடர் காலத்தில் என் குரு டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்பி, காதால் கேட்டே டைமிங் வைப்பார். அந்த இன்ஜின்கள் மன்னித்தன; இவை மன்னிப்பதில்லை. எரிந்த வாயுவின் உச்ச அழுத்தம், பிஸ்டன் உச்சியைக் கடந்து, கிராங்க் தண்டு சுமார் 15 டிகிரி சுழலும்போது வர வேண்டும். அதற்காகப் பொறியை முன்கூட்டியே விடுகிறோம். டர்போ இல்லாத வண்டியில் சரியான இடத்தை நெருங்கியதும் சக்தி தட்டையாகிவிடும், ஆசையும் அடங்கும். டர்போவில் அப்படி இல்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் சக்தி ஏறிக்கொண்டே போகும்போதே நாக்கிங் தொடங்கிவிடும். மீதியிருந்த கலவை தானாக வெடிக்கும் ஓசை அது. இன்ஜின் பிளாக்கில் மைக் பொருத்தி ஹெட்போனில் கேட்டால், தகரத்தில் பட்டாணியைக் கொட்டியதுபோல இருக்கும். ஓட்டுநர் இருக்கையில், சைலன்சர் இரைச்சலில், ஒன்றும் கேட்காது. நாக் சென்சர் காப்பாற்றும் என்பார்கள். அது டைமிங்கைப் பின்னிழுப்பது முதல் அடி விழுந்த பிறகுதான்.

அதனால் டிகிரி டிகிரியாக ஏற்றி, கேட்ட இடத்திலிருந்து இரண்டு டிகிரி இறக்கி வைப்பேன். கடைசி ஓட்டம் காலைக் குளிரில் கிடையாது. மதியம், டைனோவின் (வண்டியை நிற்கவைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) விசிறியை அணைத்து வண்டியைச் சுடவைத்த பிறகு. அந்த இரண்டு டிகிரிக்காக வாடிக்கையாளர்கள் என்னோடு சண்டை போடாத வாரமில்லை.

இன்னொன்று: தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வாரண்டியும் கையை விரிக்கும். வேகம் பார்க்க இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலை அதற்கானதல்ல. டியூன் செய்பவரிடம் சக்தி வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். லேம்டா, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், நாக்கிங்கால் குறைந்த டிகிரி ஆகிய மூன்றின் பதிவையும் கேளுங்கள்.

வேளச்சேரித் தம்பி புது பிஸ்டனோடு 1,000 கிலோமீட்டர் பழக்க ஓட்டத்தில் இருக்கிறார். 600-இல் போன் வந்தது: “அண்ணா, மீதி 400 முடிந்ததும் ஒரே ஒரு டிகிரி...”