படகு டிராலிக்கு வெல்டிங் வைப்பதற்கு முன்னால்

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகு பரவலாகிவிட்டது. பெரிய படகுகளைக் கரையேற்றப் பல ஊர்களில் டிராக்டர் இருக்கிறது. ஒருவர் இருவராக வலைக்குப் போகிறவர்களின் 12 அடி, 14 அடி படகுக்கெல்லாம் யாரும் டிராக்டர் எடுத்து வருவதில்லை. உருளைக் கட்டை போட்டுத் தள்ளுவார்கள். கை ஓய்ந்த பிறகு, தெரிந்த பட்டறையில் சொல்லி, படகை ஏற்றிக் கையால் இழுக்கும் சக்கர வண்டியான டிராலி ஒன்று செய்துகொள்வார்கள். அப்படிச் செய்து, வளைந்தும் உடைந்தும் என் பட்டறைக்கு வந்த டிராலிகள் ஏராளம். பெரும்பாலானவற்றில் வெல்டிங் நன்றாகவே இருக்கும். படகின் எடை எந்த இடத்தில் இறங்கும் என்று பார்க்காமல் அளவெடுத்ததுதான் கோளாறு.

முதலில் எடையைச் சரியாகப் போடுங்கள். வெறும் படகு 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் 40 கிலோ, 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ. நனைந்த வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தொட்டுவிடும். எட்டடிக்கு ஓரடி ஏறும் சரிவில் இதை இழுக்க, சரிவுக்காக மட்டுமே 30 கிலோவுக்கு மேல் இழுவை வேண்டும். பூமணலில் சக்கரம் புதைகிற பாரம் அதற்கு மேல். இன்னொன்றை எல்லாரும் மறக்கிறார்கள்: மழைத் தண்ணீர். மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 150 லிட்டர், அதாவது 150 கிலோ. தண்ணீரை இறைக்காமல் டிராலியில் ஏற்றவே கூடாது.

அடுத்தது ஆக்சில், அதாவது சக்கரங்களை இணைக்கும் அச்சு, வைக்கும் இடம். நான் கண்டிப்பாக இருப்பது இதில்தான். படகின் நீளத்தைப் பாதியாக்கி நடுவில் ஆக்சில் வைப்பது வழக்கமாக இருக்கிறது. இன்ஜின் பின்னால் தொங்குகிற படகுக்கு அது ஆகாது. அப்படிச் செய்த டிராலி ஒன்றில், சரிவில் இறங்கும்போது படகு பின்பக்கமாகச் சாய, கைப்பிடி மேலே எகிறிப் பிடித்திருந்தவரின் தாடையில் அடித்துவிட்டது. இரண்டு பற்கள் போயின. கண்ணுக்குப் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கணக்குப் போட வேண்டியதில்லை. சமதளத்தில், இன்ஜின், டேங்க், வலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, படகின் அடியில் குறுக்காக ஒரு உருண்டைப் பைப்பைக் கொடுங்கள். பக்கத்துக்கு ஓர் ஆள் படகைப் பிடித்துக்கொள்ளட்டும். முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால், அணியமும் (படகின் முன்முனை) பின்பக்கமும் ஒன்றையொன்று தூக்காமல் நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். ஆக்சில் அந்தக் கோட்டிலிருந்து நாலு விரல் பின்னால், இன்ஜின் பக்கமாக, வர வேண்டும். அப்போது முன்னால் இருக்கும் கைப்பிடியில் எட்டுப் பத்து கிலோ கீழ்நோக்கி நிற்கும். தூக்கவும் முடியும், எகிறவும் எகிறாது. அணியத்துக்கு முன்னால் ஒரு தடுப்பும், படகை டிராலியோடு சேர்த்துக் கட்டும் கயிறும் கட்டாயம்.

படகு உட்காரும் இடத்தில் சிலர் ஆங்கிளை (எல் வடிவ இரும்புச் சட்டம்) அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஃபைபர் படகைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், ஆங்கிள் விளிம்பு அழுத்திய இடத்தில் மேல்பூச்சு நட்சத்திரம் போல வெடித்திருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே வாங்கும். தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். எடை முழுவதும் அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பான ஏராவின் மேல்தான் நிற்க வேண்டும். பக்கத் தாங்கிகள் படகு சாயாமல் பிடிக்க மட்டும்தான். தாங்கியின் மேல் பழைய டயர் ரப்பரை அகலமாக வெட்டிப் போட்டு போல்ட் போடுங்கள். போல்ட்டின் தலை ரப்பருக்குள் புதைந்திருக்கட்டும். சாக்கும் கம்பளமும் உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கீழே இருக்கும் இரும்பை அரித்துவிடும்.

சக்கரத்துக்கு ஆட்டோவின் 4.00-8 டயர் எளிதில் கிடைக்கும், அகலமும் போதும். காற்றைக் கொஞ்சம் குறைத்தால் மணலில் பரவி ஓடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த ரிம் இரண்டு பாதிகளாக வந்து நட்டால் சேர்க்கப்பட்டிருக்கும். டியூபில் காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் ரிம் பிரிந்து முகத்தில் பாயும். வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கிய பிறகுதான் ஸ்பானரைத் தொட வேண்டும். கையால் தள்ளும் வேகத்துக்கு பேரிங் தேவையில்லை, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இறுகிவிடும். ஆக்சில் சுழல லேத்தில் கடைந்த நைலான் புஷ் (வளையக் குழல்) போதும். நைலான் ஈரத்தில் சற்றே ஊதும் என்பதால் கொஞ்சம் தளர்வாகக் கடையச் சொல்லுங்கள். இந்த டிராலியை வண்டிக்குப் பின்னால் கட்டி ரோட்டில் இழுக்காதீர்கள். அதற்கு வேறு ஆக்சில், வேறு பேரிங், விளக்கு, பதிவு எல்லாம் வேண்டும்.

துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பான ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை இழுத்தால், அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் போய்விடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெளிக்காற்றில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, அதற்குரிய முகமூடியோடு வேலை செய்யுங்கள்.

செலவு செய்ய முடிந்தவர்கள் சாதாரண இரும்பில் முழுவதையும் வெல்டிங் முடித்து, பிறகு துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பதுதான் கடலுக்கு நல்லது. அதற்கு அனுப்பும் முன் ஒவ்வொரு பைப்பிலும் இரு முனைகளிலும் ஓட்டை போட்டாக வேண்டும். உருகிய துத்தநாகம் ஏறக்குறைய 450 டிகிரி சூட்டில் இருக்கும். மூடிய பைப்புக்குள் கொஞ்சம் ஈரம் மாட்டியிருந்தாலும் ஆவியாகிப் பைப் வெடிக்கும். தொட்டியருகே நிற்பவர் மேல் உருகிய உலோகம் தெறிக்கும். அதே ஓட்டைகள் பிறகும் உதவும். தண்ணீருக்குள் போகும்போது பைப் நிறையும், பைப்பால் டிராலி மிதக்காது. மேலே வந்ததும் வடிந்துவிடும்.

பைப் நிறைந்தாலும், டயரில் இருக்கும் காற்று டிராலியைத் தூக்கப் பார்க்கும். படகு மிதந்து விலகியதும் டிராலி புரளலாம், அதனால் கைப்பிடியில் நீளக் கயிறு ஒன்று எப்போதும் இருக்கட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பாசி படிந்த சிமெண்ட் சரிவில் இறக்கும்போது மேலே இருக்கும் தூணில் ஒரு சுற்றுச் சுற்றித் தளர்த்திக்கொண்டே வாருங்கள். டிராலிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம். அலையடிக்கும் கரையில் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கவே கூடாது. ஒரு அலை போதும், படகு முழுவதும் உங்கள் மேல் வந்துவிடும்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள், பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை, ஆக்சிலுக்கு இருபுறமும் பைப்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மணி போல் கணீரென்று கேட்டால் சரி. மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. அந்தப் பைப்பை வெட்டி எடுத்துப் புதிது போடச் சொல்லுங்கள். மேலே தகடு வைத்து ஒட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.