'ஆண்ட்' போட்டேன், பாதி நிபந்தனையைக் காணோம்

ஒரு கடைச் சங்கிலிக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது, ரத்தான ஆர்டர்களில் 12-ஆம் கிளையுடையதை மட்டும் அழிக்கச் சொன்னார்கள். பைத்தான் நிரல்மொழியில், தரவுத்தளத்தோடு பேச உதவும் எஸ்கியூஎல்ஆல்கெமி என்கிற நூலகத்தை வைத்து, 'நிலை == ரத்து ஆண்ட் கிளை == 12' என்கிற மாதிரி ஒரு வரி எழுதி ஓட்டினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எல்லாக் கிளைகளின் ரத்தான ஆர்டர்களும் போய்விட்டன. நல்லவேளை, சோதனைத் தரவுத்தளம்.

எஸ்கியூஎல்ஆல்கெமி என்பது பைத்தானுக்குள் குடியிருக்கிற ஒரு சின்ன மொழி, ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே உருவான மொழியை டிஎஸ்எல் என்பார்களே, அது. எழுதியதைப் பிரித்துப் படிக்கத் தனியாகப் பார்சர் எழுதாமல், பைத்தானின் குறிகளுக்கே புதுப் பொருள் கொடுத்து, தரவுத்தளத்துக்குப் புரிகிற எஸ்கியூஎல் வாக்கியத்தைக் கட்டுகிறது. ஆனால் வாடகை வீடு. பெயிண்ட் அடிக்கலாம், சுவரை இடிக்க முடியாது. ==, >, & எல்லாவற்றுக்கும் புதுப் பொருள் தரலாம், ஆண்ட், ஆர், நாட், இஸ் நான்குக்கும் தர முடியாது. முதல் மூன்றுக்கு அனுமதி கேட்ட பெப் 335 (பைத்தான் மொழியில் மாற்றம் கோரும் முன்மொழிவுகளுக்கு பெப் என்று பெயர்) 2012-இல் நிராகரிக்கப்பட்டது.

அதனால் என்ன ஆகிறதென்றால், ஆண்ட் தன் இடப்பக்கத்தைப் பார்த்து 'நீ மெய்யா பொய்யா' என்று கேட்கிறது. அங்கே இருப்பது == வைத்த நிபந்தனை என்பதால், 'இந்த == குறியின் இரண்டு பக்கமும் ஒரே ஆப்ஜெக்ட்தானா' என்று மட்டும் பார்த்துவிட்டுப் பொய் என்கிறது, உடனே பைத்தான் இடப்பக்கத்தையே விடையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, கிளை எண் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இடப்பக்கத்தில் > இருந்திருந்தால் பிழை வீசி என்னைக் காப்பாற்றியிருக்கும்!

சரி, & போடலாம். ஆனால் அது == ஐவிட இறுக்கமாகப் பிடிக்கும், ஒவ்வொரு நிபந்தனைக்கும் அடைப்புக்குறி கட்டாயம். மதிப்பு காலியா என்று பார்க்க 'இஸ் நன்' (is None) எழுதினால் அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும், ஒரு வரிசையும் வராது. அதற்கென்று தனி மெத்தட் இருக்கிறது.

சி ஷார்ப் மொழிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2007-இல் லிங்க் (LINQ, மொழிக்குள்ளேயே தரவைக் கேட்டு வாங்கும் வசதி) வந்தபோது மைக்ரோசாஃப்ட் மொழியையே மாற்றியது, வீட்டுக்காரரே கடப்பாரை எடுத்து வந்த மாதிரி.

இப்போதெல்லாம் அழிக்கும் வரி எதுவானாலும், உருவான எஸ்கியூஎல்லை அச்சிட்டு, நிபந்தனைகள் வரும் 'வேர்' (WHERE) பகுதியில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.